நெய்வேலி முதலாம் அனல் மின்நிலையம்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில் நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் பிறப்பினையே எழுதுகின்றனர். அடிக்கல் நாட்டிய நாள், திறந்துவைத்த தலைவரின் பெயர், செலவான பணம், உற்பத்தித் திறன் என்பன கல்வெட்டிலும் அரசாங்க அறிக்கையிலும் தவறாது இடம்பெறுகின்றன. அவற்றின் இறப்பினை எழுதுவோர் அரியர். உலை அணைந்த நாளில் விழா நடைபெறுவதில்லை, கல்வெட்டும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தால் யார் பெற்றனர், யார் இழந்தனர் என்ற கணக்கினை முழுமையாகப் பார்க்கக்கூடிய நாள் அந்நாளே எனலாம். 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி, 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி மூடப்பட்ட நெய்வேலி முதலாம் அனல் மின்நிலையத்தின் வரலாற்றினை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்து மின்நிலையமொன்றின் வரலாறு இலங்கைத் தமிழ் வாசகருக்கு எவ்வாற்றான் உரியதாகும் என்ற வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை கொழும்பு நகரின் வரலாற்றிலேயே உண்டு. ஆகவே கொழும்பிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

கொழும்பும் நிலக்கரியும்

களுபோவிலவில் ஒரு வீட்டில் மாலையில் விளக்கேற்றப்படும்போதும், அங்குள்ள போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் விளக்கு எரியும்போதும், அவ்வொளியின் ஒரு பகுதி புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியிலிருந்து வருகின்றது. அண்மைக் காலத்தில் இந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினை அந்நிலையமே வழங்கி வந்துள்ளது. இதனை இக்காலத்துப் புதுமையெனக் கருதுவோர் பலர். உண்மையில் கொழும்பு நகரம் நிலக்கரியோடு கொண்ட தொடர்பு மிகப் பழையது.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் கீழைத்தேயத்துக்குச் செல்லும் நீராவிக் கப்பல்கள் இடைவழியில் நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் துறையொன்றை வேண்டி நின்றன. 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவரின் வேலை 1885இல் நிறைவெய்த, காலித் துறைமுகத்தின் இடத்தினைக் கொழும்புத் துறைமுகம் பெற்றுக்கொண்டது. பிரித்தானியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பின்னர் தென்னாபிரிக்காவிலிருந்தும் வந்த நிலக்கரி இங்கே குவிக்கப்பட்டது. அதனைச் சுமந்து கப்பலேற்றிய தொழிலாளருள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பெருந்தொகையினராவர். கொட்டாஞ்சேனை முதலாய துறைமுகத்தை அண்டிய பகுதிகளின் சமூக வரலாற்றில் இக்கரி சுமந்த கைகளுக்குப் பங்குண்டு. துறைமுகத்தின் வருமானக் கணக்குகள் எழுதப்பட்டிருக்கின்றன. அக்கைகளுக்குரியோரின் பெயர்ப்பட்டியல் வரலாற்று நூல்களில் இல்லை.

மின்விளக்கு வருமுன்னர் கொழும்பு வீதிகளில் நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவினால் விளக்குகள் எரிந்தன. புறக்கோட்டையில் இன்றும் வழங்கும் காஸ் வேர்க்ஸ் வீதி என்னும் பெயர் அதன் எச்சமாகும். 1895இல் பூஸ்டெட் சகோதரர் கம்பனியார் கோட்டைப் பகுதியிலுள்ள பிறிஸ்டல் கட்டிடத்தில் மின்னொளியை அறிமுகஞ் செய்தனர். 1899இல் அவர்களே மின்சார ட்ராம் வண்டிகளை ஓடவிட்டனர். கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொறளைக்கும் அவை சென்றன. அந்நாளில் மின்சாரம் நீராவியின் குழந்தையாகவே பிறந்தது. நீராவியோ கப்பலில் வரும் எரிபொருளை நம்பியிருந்தது. 1927இல் அரசாங்கம் மின்சாரத்துக்கெனத் தனித் திணைக்களத்தை நிறுவியது. 1929இல் கொலன்னாவையில் 3 மெகாவாற்றுத் திறனுடைய அனல் மின்நிலையம், அக்காலத் தேசாதிபதி ஸ்ரான்லியின் பெயரால் அமைக்கப்பட்டது. ட்ராம் வண்டித் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்ததும் அதே 1929இலேயே ஆகும்.

இறக்குமதி எரிபொருளில் தங்கியிருக்கும் இந்நிலையிலிருந்து விடுபட வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வுரை, மலைநாட்டு ஆறுகளின் நீர்வலுவினால் நாட்டின் மின்தேவையை நிறைவுசெய்ய முடியும் எனக் காட்டியது. 1924இல் தொடங்கிய லக்சபான வேலை இடையில் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் கிடந்தபின், 1950இலேயே 25 மெகாவாற்று முதற்கட்டம் நிறைவெய்தியது. நீர்வலுவின் வருகையோடு பழைய அனல் நிலையங்கள் பின்தள்ளப்பட்டன. 1960இல் ட்ராம் வண்டிகளும் மறைந்தன. கொழும்புக்கு முதன்முதலில் ஒளியூட்டிய உலைகளில் யார் கரி அள்ளிப் போட்டனர், எந்த ஊரிலிருந்து வந்தனர், உலை அணைந்தபின் எங்குச் சென்றனர் என்பன பொதுநினைவில் இல்லை. ஒரு வீதிப் பெயரே எஞ்சியிருக்கின்றது.

கொழும்பில் தவறவிடப்பட்ட அப்பதிவினைத் தவறவிடாது செய்யக்கூடிய வாய்ப்பு, தமிழ் வழங்கும் மற்றொரு நிலத்தில் அண்மையில் மூடப்பட்ட மின்நிலையமொன்றில் உண்டு. இவ்விடத்திலேயே நெய்வேலியின் வரலாறு நமக்குரியதாகின்றது.

கரியில்லாத தெற்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தின் நிலைமை இலங்கையின் நிலைமையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. சென்னை நகருக்கு ஒளியூட்டிய பேசின் பிரிட்ஜ் மின்நிலையம், தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட நிலக்கரியை எரித்தது. இந்தியாவின் நல்ல நிலக்கரி வங்காளத்திலும் பீகாரிலுமே பெரிதும் கிடைத்தது. அதனைப் புகையிரதத்திலோ கப்பலிலோ தெற்கே கொண்டுவரும் செலவு மிகையாயிருந்தது; போர்க்காலத்தில் வழியே அடைபட்டது. ஆகவே தெற்கும் நீர்வலுவையே நாடியது. 1930களில் பைக்காராவும் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் மின்சாரம் தந்தன. ஆனால் நீர்வலு மழையை நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் ஆலையும் நின்றது. கிணற்றில் பூட்டிய நீரிறைக்கும் இயந்திரமும் நின்றது.

இந்தப் பகைப்புலத்திலேயே தென்னார்க்காட்டு மாவட்டத்தின் நெய்வேலிக் கிராமம் வரலாற்றினுள் நுழைகின்றது. 1930களின் நடுப்பகுதியில் அவ்வூர் நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று நீரோடு மேலே வந்தது. அது பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் உறுதியாயிற்று. அவர் தம் நிலத்தில் 620 ஏக்கரை இப்பணிக்கென வழங்கினார். 1940களில் புவிச்சரிதவியலாளர் துளையிட்டு ஆராய்ந்தனர். விடுதலைக்குப் பின் அவ்வாராய்ச்சி விரிவடைந்தது. பிரித்தானிய நிறுவனமான பவல் டவ்ரின் 1950களின் நடுப்பகுதியில் திட்ட அறிக்கையினைத் தயாரித்தது. 1954இல் சென்னை மாநில முதலமைச்சரான காமராசர் மத்திய அரசினை விடாது வற்புறுத்தினார். 1956 நவம்பர் 14ஆம் திகதி நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் திகதி பிரதமர் நேரு சுரங்கப் பணியினைத் தொடக்கிவைத்தார்.

விமலசுரேந்திர நீரில் தேடியதைத் தமிழகத் தலைவர்கள் நிலத்தினடியில் தேடினர். இருவர் தேட்டத்துக்கும் அடிப்படை ஒன்றே: பிறர் கப்பலில் அனுப்பும் எரிபொருளுக்குக் கைநீட்டாதிருத்தல். எனவே நெய்வேலியை வெறும் தொழிற்றிட்டமாக மட்டும் கருதுதல் தகாது. அதன் தொடக்கத்தில் விடுதலை பெற்ற மக்களின் தன்மான உணர்வும் கலந்திருந்தது. அவ்வுணர்வினை மறந்து பின்னர் நிகழ்ந்த இழப்புகளை மட்டும் எடுத்துரைத்தலும் வரலாறாகாது.

நீரும் மண்ணும் கரியும்

பழுப்பு நிலக்கரி முதிராத நிலக்கரியாகும். அதன் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கு நீர். எரிவெப்பமோ நல்ல கருநிலக்கரியிற் பாதியளவே. இத்தகைய கரியைத் தொலைவிடத்துக்கு ஏற்றிச் செல்வது நீரை விலை கொடுத்துச் சுமப்பதற்கு ஒப்பாகும். ஆதலினாற் சுரங்கத்தின் வாயிலிலேயே அதனை எரித்து மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்புதலே பொருத்தமாயிற்று. சுரங்கமும் மின்நிலையமும் ஓருடலின் இரு உறுப்புகளாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

சுரங்கம் தோண்டுதலும் எளிதாயிருக்கவில்லை. கரிப்படுகைக்கு மேலே ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்பில் மண்ணும் கடினமான மணற்கல்லும் கிடந்தன. ஒரு தொன் கரி பெறுவதற்கு ஐந்தாறு கனமீற்றர் மேல்மண்ணை அகற்றவேண்டியிருந்தது. இதனினும் பெரிய தடை கரிப்படுகைக்குக் கீழே இருந்தது. அங்குள்ள நிலத்தடி நீர் மேனோக்கி மிகுந்த அழுத்தத்தோடு உந்திக்கொண்டிருந்தது. மேலுள்ள மண்ணின் பாரம் நீங்கியதும் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்துப் பிளக்கும் அபாயம் இருந்தது. அதனைத் தவிர்ப்பதற்குச் சுற்றிலும் குழாய்க்கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீரை இறைக்க வேண்டியதாயிற்று. மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்த மாபெரும் சக்கர அகழ்பொறிகள் மண்ணை வெட்டின. 1961 ஆகஸ்ட் மாதத்தில் கரிப்படுகை வெளிப்பட்டது.

மின்நிலையமோ சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு எழுந்தது. 1962 மே மாதத்தில் 50 மெகாவாற்றுத் திறனுடைய முதல் மின்பிறப்பாக்கி இணைக்கப்பட்டது. அது ஒன்றே அந்நாளைய லக்சபான முதற்கட்டத்தின் இருமடங்காகும். அதே ஆண்டில் கொழும்பில் எண்ணெயால் இயங்கும் களனிதிஸ்ஸ அனல் மின்நிலையத்தின் முதல் 25 மெகாவாற்றுப் பகுதி இயங்கத் தொடங்கியது. 1970இல் நெய்வேலியில் 50 மெகாவாற்றுப் பொறிகள் ஆறும் 100 மெகாவாற்றுப் பொறிகள் மூன்றுமாக 600 மெகாவாற்று நிறைவெய்தியது. உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தில், தென்னார்க்காட்டு முந்திரிக் காட்டினிடையே மேற்கு ஜேர்மனியின் அகழ்பொறி வெட்டிய கரியைச் சோவியத்தின் கொதிகலன் எரித்தது. இரு நாட்டுப் பொறியியலாளரும் உள்ளூர் உழவனின் மகனுக்குத் தொழில் கற்பித்தனர். இந்திய நடுநிலைக் கொள்கையின் பயனை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றைத் தேடவேண்டியதில்லை.

மின்நிலையத்தின் இயக்கம் சுருங்கச் சொல்லின் பின்வருமாறு: சுரங்கத்திலிருந்து ஓடும் பட்டைகள் வழியே வரும் கரி, பொடியாக்கப்பட்டுக் கொதிகலனில் எரியும், அவ்வெப்பத்தில் நீர் உயரழுத்த நீராவியாகிச் சுழலியைச் சுழற்றும், சுழலியோடு பிணைத்த பிறப்பாக்கி மின்சாரம் தரும், எரிந்த கரியின் சாம்பல் நீரோடு கலக்கப்பட்டுச் சாம்பற் குளத்துக்குச் செல்லும். பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடும். ஆயின் இவ்வொவ்வோரிடத்திலும் மனிதர் நின்றனர். கரிப்பட்டையின் தூசியிலும், கொதிகலனின் வெக்கையிலும், சுழலிக் கூடத்தின் ஓயாத இரைச்சலிலும், சாம்பல் அகற்றும் பகுதியின் சேற்றிலும் முறைவைத்து இரவு பகலாக உழைத்தனர். கட்டுப்பாட்டறையில் இருந்தவர் கருவிகளைப் பார்த்து இயந்திரத்தின் நிலையை அறிந்தார். கொதிகலனின் அருகில் நின்றவர் ஓசையைக் கேட்டே அறிந்தார். இரண்டாவது அறிவு எந்தக் கைந்நூலிலும் எழுதப்படவில்லை.

நகரும் அதன் வெளியும்

மின்நிலையத்தோடு ஒரு நகரும் பிறந்தது. அகன்ற வீதிகளும் நிழல்தரு மரங்களும் பாடசாலைகளும் வைத்தியசாலையும் கொண்ட திட்டமிட்ட குடியிருப்பு, வட்டம் என்னும் பெயரால் பல பகுதிகளாக வகுக்கப்பட்டது. வெவ்வேறு மாவட்டத்தாரும் மொழியினரும் சாதியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். பழைய கிராமத்தில் தெருவே ஒருவனின் சாதியைச் சொல்லிற்று. புதிய நகரத்தில் வீட்டின் அளவு அவன் பதவியைச் சொல்லிற்று. இது சமத்துவம் ஆகாதெனினும், பிறப்பினால் வகுத்த எல்லையைத் தொழிலினால் வகுத்த எல்லை ஓரளவு குலைத்தது என்பது மறுக்கவியலாதது. நிரந்தர ஊதியமும் ஓய்வூதிய நலன்களும் பெற்ற தொழிலாளர் தலைமுறையொன்று இங்கு உருவாயிற்று. அவர்களின் பிள்ளைகள் பொறியியலாளராயும் ஆசிரியராயும் வைத்தியராயும் வெளியேறினர்.

ஆனால் நகரின் எல்லைக்கு வெளியே வேறொரு வரலாறு நடந்தது. சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் நகருக்குமாக நிலம் எடுக்கப்பட்டபோது பல கிராமங்கள் வரைபடத்தினின்றும் மறைந்தன. வீடும் வயலும் முந்திரித் தோப்பும் குலதெய்வக் கோயிலும் சுடுகாடும் ஒருங்கே அகழ்பொறியின் வாயிற் சென்றன. இழந்தோர் மந்தாரக்குப்பம் போன்ற சுற்றுப்புறக் குடியிருப்புகளிற் சென்று தங்கினர். அந்நாளைய இழப்பீடு மிகக் குறைவு என்பதும், நிலம் தந்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பதும் அன்று முதல் மாறாது ஒலித்துவரும் முறைப்பாடுகளாகும். ஜம்புலிங்க முதலியார் தந்த 620 ஏக்கர் வரலாற்றில் பெயரோடு நிற்கின்றது. அரை ஏக்கரும் ஓர் ஏக்கருமாகத் தந்த உழவர்களின் பெயர்கள் அவ்வாறு நிற்கவில்லை. குத்தகைக்கு உழுதவனும் கூலிக்கு நாற்று நட்டவளும் நிலவுரிமைப் பத்திரம் இல்லாமையால் இழந்தோர் பட்டியலிலேயே சேர்வதரிது.

நீரின் கணக்கும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நெய்வேலி மின்சாரம் தமிழகத்துக் கிணறுகளில் நீரிறைக்கும் பொறிகளை இயக்கியது, புன்செய் நன்செயாயிற்று. அதே நெய்வேலிச் சுரங்கம் தன் அடித்தளத்தைக் காக்க நிலத்தடி நீரை ஓயாது இறைத்தது. சுற்றுக் கிராமத்துக் கிணறுகள் ஆழமாயின என்று உழவர் முறையிட்டனர். சுரங்கத்தின் நீர் சில ஏரிகளை நிரப்பிப் பாசனத்துக்கும், பின்னர் சென்னை மக்களின் குடிநீருக்கும் உதவியதும் உண்மையே. ஒரு கையாற் கொடுத்ததும் மறு கையால் எடுத்ததும் எவ்வளவு என்பதை, கொடுத்தவரின் அறிக்கையை மட்டும் படித்துத் தீர்மானிக்க இயலாது.

ஆண்டுகள் செல்லத் தொழிலாளரிடையேயும் பிரிவு வளர்ந்தது. நிரந்தரத் தொழிலாளர் தொகை குறைய, ஒப்பந்தத் தொழிலாளர் தொகை கூடிற்று. ஒரே கொதிகலனின் அருகில் ஒரே வெக்கையில் நின்ற இருவருள் ஒருவர் நிறுவனத்தின் ஊழியர். மற்றவர் ஒப்பந்தகாரரின் கூலியாள். தம்மை நிரந்தரமாக்குமாறு ஒப்பந்தத் தொழிலாளர் பன்முறை போராடினர். நிலம் இழந்த குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தமையால், நிலத்தின் பிரச்சினையும் உழைப்பின் பிரச்சினையும் ஒரே வீட்டின் இரு பிரச்சினைகளாயின.

அணைந்த உலை

இருபத்தைந்து முப்பது ஆண்டுகளே உழைக்குமென எதிர்பார்க்கப்படும் இத்தகைய இயந்திரங்கள், 1990களில் மேற்கொள்ளப்பட்ட ஆயுள் நீடிப்பு வேலைகளின் பயனாக அதன் இருமடங்கு காலம் உழைத்தன. இதனிடையே நெய்வேலியில் 1470 மெகாவாற்று இரண்டாம் மின்நிலையமும், முதலாம் நிலையத்தின் விரிவாக்கமாக 420 மெகாவாற்றுப் பகுதியும் தோன்றின. பழைய பொறிகள் ஓரலகு மின்சாரத்துக்கு எரித்த கரியின் அளவு புதிய பொறிகளுடையதிலும் மிகுதியாயிருந்தது. அவை வெளிவிட்ட புகையும் அவ்வாறே. ஆகவே முதலாம் நிலையத்துக்கு மாற்றாக இரு 500 மெகாவாற்றுப் பொறிகள் கொண்ட புதிய நிலையம் கட்டப்பட்டது. அதன் முதற்பொறி 2019 டிசம்பரிலும் இரண்டாவது 2021 பெப்ரவரியிலும் வணிக உற்பத்தியை எய்தின. பழைய பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு, 2020 செப்டெம்பர் 30இல் முதலாம் நிலையம் முற்றாக ஓய்ந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அது எரிந்தது.

அவ்வாண்டு கொள்ளைநோய் ஆண்டு. ஒன்றுகூடுதலே தடைப்பட்டிருந்த காலம். அதே ஆண்டு மே 7ஆம் திகதியும் ஜூலை 1ஆம் திகதியும் இரண்டாம் மின்நிலையத்தின் கொதிகலன்களில் வெடிவிபத்துகள் நேர்ந்து பலர் உயிரிழந்தனர்; ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். துயரும் அச்சமும் சூழ்ந்த அந்நாட்களில் ஒரு பழைய நிலையம் மூடப்பட்டமை பெரிதாகப் பேசப்படவில்லை. 1962இல் நாடே கொண்டாடிய உலை 2020இல் ஓசையின்றி அணைந்தது.

உலை அணைந்தது, நிலத்தின் கதை முடியவில்லை. 2023 ஜூலை மாதத்தில் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தையொட்டி, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவிக் கிராமத்தில் நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரிப் பொறிகள் இறக்கப்பட்டன. கதிர்விடும் பருவத்துப் பயிர் மண்ணோடு புரட்டப்பட்ட காட்சி தமிழகமெங்கும் கொதிப்பினை உண்டாக்கியது. அந்நிலம் முன்னரே சட்டப்படி எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். இழப்பீடு தீராமலும் வேலை கிடைக்காமலும் எப்படி எம்நிலம் ஆகாமற்போகும் என்றனர் உழவர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 1950களின் வினா 2023இலும் அதே வினாவாகவே நின்றது. பழைய கணக்கு எழுதப்படாமையே இதற்கு ஒரு காரணமாகும்.

பிறநாட்டு அனுபவம்

நிலக்கரி மின்நிலையங்களை மூடுதல் இன்று உலகளாவிய நிகழ்ச்சியாகும். 1882இல் எடிசனின் கம்பனி இலண்டனின் ஹோபன் வயடக்ட்டில் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலக்கரி நிலையத்தை நிறுவியது. 2024 செப்டெம்பர் 30இல் பிரித்தானியாவின் இறுதி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. நிலக்கரி மின்சாரத்தைத் தொடக்கிய நாடு 142 ஆண்டுகளின்பின் அதனை முடித்துவைத்தது. நெய்வேலி முதலாம் நிலையம் ஓய்ந்து அந்நாளோடு சரியாக நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மூடியபின் செய்வது என்ன என்பதில் நாடுகள் வெவ்வேறு வழி சென்றுள்ளன. இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பற்றர்சீ மின்நிலையம் 1983இல் மூடப்பட்டு, நெடுங்காலம் கூரையின்றிக் கிடந்து, 2022இல் அங்காடிகளும் செல்வர் வாழும் மாடிவீடுகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. அதன் நான்கு புகைபோக்கிகளும் மீளக் கட்டப்பட்டு நிற்கின்றன. ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் 1986இல் மூடப்பட்ட சோல்வரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அங்கே அரும்பொருட்சாலை அமைந்துள்ளது. பற்றர்சீயில் கட்டிடம் காக்கப்பட்டது; சோல்வரைனில் தொழிலின் நினைவும் கூடவே காக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல. புகைபோக்கியைப் பார்ப்பவனுக்கு அதன் உயரம் தெரியும். அதனடியில் நின்றவனின் வாழ்வு தானாகவே தெரிந்துவிடாது.

தமிழகத்திலும் நெய்வேலி தனியொன்றன்று. 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய 450 மெகாவாற்று எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே கடலையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்ந்த மீனவரின் கணக்கும் உண்டு. எண்ணூரின் மீனவரும் நெய்வேலியின் உழவரும் ஒருவரையொருவர் அறியாதிருக்கலாம். ஒரே மின்கம்பத் தொடரின் இரு முனைகளிலும் நின்றவர்கள் அவர்களே.

எழுத வேண்டிய கணக்கு

மூடப்பட்ட மின்நிலையமொன்றுக்குச் செல்லும் ஆய்வாளன் எதனைத் தேடவேண்டும்? இரும்பினை ஏலம் எடுப்போர் தேடிக்கொள்வர். அவன் தேடவேண்டியவை வேறு. ஒவ்வொரு முறையின் இறுதியிலும் எழுதப்பட்ட நாட்குறிப்பேடுகள், விபத்துப் பதிவுகள், சம்பளப் பட்டியல்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், நில எடுப்பு வரைபடங்கள், மறைந்த கிராமங்களின் பெயர்கள், அவற்றின் கோயில்களும் குளங்களும் இருந்த இடங்கள் என்பன முதன்மையானவை. எழுத்தில் இல்லாதவற்றை நினைவிலிருந்து கேட்டுப் பதியவேண்டும். 1962இல் இருபது வயதினனாய்ச் சேர்ந்த தொழிலாளி இன்று எண்பதைக் கடந்தவன். நிலம் எடுத்தபோது பத்து வயதுச் சிறுமியாயிருந்தவளும் அவ்வாறே. கொதிகலனின் ஓசையை அறிந்த காதுகளும், மறைந்த ஊரின் தெருவமைப்பை அறிந்த கண்களும் இன்னும் சில ஆண்டுகளே இருக்கும். ஏடுகளைப் பின்னரும் தேடலாம். இவர்களைப் பின்னர் தேட இயலாது.

இது பழமை மீதுள்ள ஏக்கத்தினால் எழும் கோரிக்கை அன்று. நிலக்கரி உலகைச் சூடாக்கியது. அதன் புகை நுரையீரல்களைக் கெடுத்தது. அவ்வுலைகள் அணைவதே நன்று. ஆயின் உலை அணைவதோடு கடனும் அணைந்துவிட்டதாகக் கொள்ளுதல் நேர்மையன்று. நிலம் தந்தவனுக்குத் தீராத இழப்பீடு, ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடையாத நிரந்தரம், சாம்பல் நிரம்பிய குளம், தாழ்ந்த நீர்மட்டம் என்பன நிலையத்தோடு மூடப்படுவன அல்ல. கணக்கு ஏட்டில் இருந்தாலன்றோ கடனைக் கேட்க முடியும்?

இலங்கைக்கு இது நாளைய வினாவாகும். நுரைச்சோலையில் 2011இல் முதல் 300 மெகாவாற்றும் 2014இல் முழு 900 மெகாவாற்றும் இயங்கத் தொடங்கின. கற்பிட்டிக் குடாநாட்டு மீனவரும், தோட்டப்பயிர் செய்வோரும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு அப்பிரதேசத்திற் குடியேறிய முஸ்லிம் மக்களும் அதன் அயலில் வாழ்கின்றனர். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் வேறு வகை அனுபவம் நேர்ந்தது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்டது. மக்கள் நெடுநாள் போராடி ஊர் திரும்பினர். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025இல் அங்கே சூரியவொளி மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. கட்டப்படாத நிலையத்துக்கும் இடம்பெயர்ந்தோர் உண்டு என்பதைச் சம்பூர் காட்டுகின்றது. எரிபொருள் கரியாயினும் கதிரவனாயினும், யாருடைய நிலம் என்ற வினா மாறுவதில்லை என்பதையும் அது காட்டுகின்றது. புதிதாக நிலக்கரி நிலையம் அமைப்பதில்லை என 2021இல் இலங்கை உலக அரங்கில் உறுதி கூறியது. ஆகவே நுரைச்சோலை இந்நாட்டின் இறுதி நிலக்கரி நிலையமாக ஒருநாள் மூடப்படும்.

அந்நாளில் நுரைச்சோலையின் கணக்கினை எழுதுவதற்கு வேண்டிய ஏடுகளை இன்றே சேர்க்கத் தொடங்குதல் பல்கலைக்கழகங்களின் கடனாகும். கொழும்பு தன் முதல் உலைகளை மறந்து ஒரு வீதிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. நெய்வேலியில் எழுதக் காலம் இன்னும் உண்டு. ஆயின் அது குறுகி வருகின்றது. களுபோவிலவில் இன்றிரவு விளக்கேற்றுபவர் அவ்வொளி எவருடைய நிலத்திலிருந்தும் எவருடைய உழைப்பிலிருந்தும் வருகின்றது என்று கேட்பாராயின், விடை சொல்வதற்கு ஓர் ஏடேனும் இருத்தல் வேண்டும்.